கதவில் இருந்த ஊர்

1

இந்த நாட்டில் ஜனவரி பிறந்தால் பொங்கல் வருகிறதோ இல்லையோ, லீவுப் பட்டியல் வந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் காப்பி மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, வருடத்தின் ஐம்பத்திரண்டு வாரத்துக்கும் கட்டம் போட்டிருப்பார்கள். ஆகஸ்டில் நாம் எங்கே இருப்போம் என்பதை வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிட வேண்டும். மியூனிக் வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. எங்கள் புதுவாயல் கூட்டு ரோட்டில் நாளைக் காலை ஊத்துக்கோட்டை பஸ் வருமா என்று கேட்டாலே, "வந்தா வரும்" என்றுதான் பதில் கிடைக்கும்.

நேற்று அந்தத் தாளை மறுபடியும் ஒட்டியிருந்தார்கள். எதிர் மேசை உல்ரிகே காப்பிக் கோப்பையோடு வந்து, "இந்த வருடம் எந்தப் பழைய ஊர்?" என்று கேட்டாள். அவளுக்கு விடுமுறை என்றால் பழைய ஊர்தான். எண்ணூறு வயதுக்குக் குறைந்த ஊரை அவள் மதிப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் அதைப் பற்றிப் புத்தகம் படித்து, பிறகு ரயில் ஏறுவாள். பெண் பார்த்துக் கல்யாணம் முடிப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்கள்.

நான் சிரித்தேன். போன ஜனவரியில் இதே கேள்வியை அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த வருடமும் தெரியவில்லைதான். ஆனால் போன வருடத்துப் பதிலை உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

2

2001-ல் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு, கணவர் சாலமனையும் ஐந்து வயது ஜெனியையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்தேன். வந்ததிலிருந்து கிடைத்த லீவெல்லாம் ஊருக்குப் போவதிலேயே கரைந்தது. விமான நிலையத்திலிருந்து நேராக அம்மா வீடு, அங்கே மூன்று வாரம், திரும்பவும் விமானம். ஐரோப்பாவில் இருந்துகொண்டு ஐரோப்பாவைப் பார்க்காத குடும்பம் எங்களுடையது. போன வருடம்தான் சாலமன், "ஒரு தடவை அத்தையை இங்கே கூப்பிடுவோம். எல்லோரும் சேர்ந்து எங்கேயாவது போவோம்" என்றார்.

எங்கே என்பதில் ஆரம்பித்தது சண்டை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி ஆளாளுக்கு எழுதினோம். சாலமன் "ரோம்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார். நான் நூலகத்திலிருந்து தூக்க முடியாத புத்தகங்களைத் தூக்கி வந்து, பிராக், வியன்னா, நியூரம்பெர்க் என்று வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை நூற்றாண்டு என்று குறிப்பு வேறு. ஜெனி கடைசியில் வந்து, "நீச்சல் குளம் இருக்கிற ஏதாவது ஓட்டல்" என்று ஜெர்மன் மொழியில் எழுதிவிட்டுப் போனாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது நடந்தது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லும் பருவம். ஊருக்குப் போன் போட்டால், பாட்டியிடம் "நல்லாருக்கேன் ஆயா" என்று இரண்டே சொல்லைச் சொல்லிவிட்டு ரிசீவரை என் கையில் திணித்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், "உனக்கு எந்த ஊரும்மா பாக்கணும்?" என்று கேட்டேன்.

 

"என்னியா கேக்குற?" என்றாள் அம்மா.

"உன்னத்தான்."

"வெரோனா இட்டுக்கினு போ."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சாலமன் நிமிர்ந்தார். அம்மாவுக்குப் படிப்பு கிடையாது. பாஸ்போர்ட்டிலேயே கைநாட்டுதான். சென்னைக்குத் தெற்கே அவள் பார்த்த ஊர் வேளாங்கண்ணி ஒன்று. அவளுக்கு இத்தாலியில் இருக்கும் வெரோனா எப்படித் தெரியும் என்று அவர் கையால் கேட்டார்.

"அதாம்மா, நம்ம கதவுல கீதே, அந்த ஊரு. அது நெஜமாலுமே கீதா, இல்ல பாய் சொம்மா சொன்னாரா? அத்த மட்டும் ஒரு தபா பாத்துட்டா போதும். வேற ஒண்ணும் வாணாம்."

 நூற்றாண்டுக் குறிப்புகளோடு ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

3

கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில், வெளிநாட்டு மிஷின்கள் பெரிய பெரிய மரப் பெட்டிகளில் வந்து இறங்கும். மிஷினை இறக்கியதும் பெட்டி குப்பை. அந்தக் குப்பையை மொத்தமாக வாங்கி, புதுவாயல் ஹைவே ஓரத்தில் பலகையாகப் பிரித்து விற்றவர் பழவேற்காட்டு பாய் ஒருவர். அங்கே பெட்டி பிரிக்கும் வேலைக்கு எங்கள் காலனிப் பெண்கள் போனார்கள். அதுவரை அவர்கள் நாற்று நடப் போனவர்கள். சிறு கடப்பாரையால் நெம்பி ஆணியைக் கழற்ற வேண்டும், வளைந்த ஆணியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த வேண்டும், பலகையை நீளம் பார்த்து அடுக்க வேண்டும். அம்மா இருபது வருடம் அதைச் செய்தாள்.

பலகைகளில் ஊர்ப் பெயர் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். பாய் படித்துச் சொல்வார். அம்மா அந்த ஊர்களை மரத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டாள். ஹாம்பர்க் பலகை கனம், ஆணி ஒவ்வொன்றும் விரல் நீளம், கழற்றுவதற்குள் பேஜாரு. ஜெனோவா பலகையில் முடிச்சு அதிகம், கட்டிலுக்கு ஆகாது. ஒசாக்கா பலகை லேசு, ஆனால் இழைப்புளி பிடித்தது போல ஒரே சீராக இருக்கும். உல்ரிகே இன்று புத்தகம் படித்து ஊர்களைத் தரம் பிரிக்கிறாள். அம்மா அதே ஊர்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தரம் பிரித்தாள்.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த ஓலைத் தட்டி காற்றோடு போனது. அப்பாவுக்கு அத்திப்பட்டு பவர் ஸ்டேஷன் கட்டுமானத்தில் ஒப்பந்த வேலை, சனிக்கிழமைதான் வருவார். கதவில்லாத வீட்டில் பெண் பிள்ளையைத் தனியாக விட முடியாது என்று, பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னை மரக்கடைக்கே வரச் சொல்லிவிட்டாள். அங்கே பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டேன். சுத்தியல் சத்தத்தில் வாய்ப்பாடு மறந்து போனது. பாய் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், கல் அறுக்கும் மிஷின் வந்த ஒரு பெட்டியைக் காட்டி, "இத அப்பிடியே எடுத்துக்கினு போம்மா. கதவு போடு. பொண்ணு ஊட்ல குந்தி படிக்கட்டும்" என்றார்.

பலகைகளை நிறுத்தித்தான் கதவு செய்ய முடியும். அதனால் அதில் இருந்த ஊர்ப் பெயர் படுத்துக்கொண்டது. மேலிருந்து கீழாக ஆறு ஆங்கில எழுத்து, ஒவ்வொன்றும் பக்கவாட்டில் சாய்ந்து. படிக்க வேண்டுமென்றால் தலையைச் சாய்க்க வேண்டும். ஆசாரி, "எழுத்த உள்பக்கம் தள்ளிடவா?" என்று கேட்டதற்கு அம்மா, "வாணாம், வெளிய தெரியட்டும்" என்றாள். பாயிடம் கேட்டு வந்து, "இது வெரோனாவாம். ரொம்ப பழைய ஊராம்" என்று எல்லோரிடமும் சொன்னாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சின்னப் பிரஷால் அந்த ஆறு எழுத்துக்கும் அவளே கறுப்பு பெயிண்ட் அடித்தாள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்துத்தான் நான் எம்.சி.ஏ. வரை போனேன். நன்றி இருக்க வேண்டுமல்லவா? எனக்கு இருந்தது வெட்கம். தெருப் பிள்ளைகள் "பொட்டி ஊட்டுப் பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். காலேஜ் சிநேகிதிகள் ஒரு நாள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும், அந்த எழுத்து மேல் ஒரு பெரிய காலண்டரைத் தொங்கவிட்டேன். அம்மா வேலையிலிருந்து வந்தாள், பார்த்தாள், காலண்டரைக் கழற்றி உள்ளே மாட்டினாள்.

"ஊடு இன்னாத்துக்கு மூஞ்சிய மூடிக்கினு நிக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பிற்பாடு, அப்பா காலமான பிறகு, நான் பணம் அனுப்பிச் செங்கல் வீடு கட்டினோம். தேக்குக் கதவு போடச் சொன்னேன். அம்மா பழைய கதவைத்தான் புது வீட்டு வாசலில் மாட்டினாள்.

4

அம்மாவை அழைக்க நான் சேர்த்த காகிதங்களை அடுக்கினால் ஒரு முக்காலி ஆகும். சம்பளச் சீட்டு, வீட்டு வாடகைப் பத்திரம், காப்பீடு, அவளுடைய செலவுக்கு நானே பொறுப்பு என்று இங்குள்ள அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. இதெல்லாம் போதாதென்று, விசா கேட்கும் இடத்தில் சொல்ல வேண்டிய பதில்களைப் போனிலேயே பாடம் நடத்தினேன். மகளைப் பார்க்கப் போகிறேன், மியூனிக்கில் இருப்பேன், இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவேன். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

சென்னையில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம், "எந்த ஊருக்கெல்லாம் போவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"வெரோனா."

"அது வேறு நாடாயிற்றே. அங்கே யார் இருக்கிறார்கள்?"

"ஆரும் இல்ல சார். எங்க கதவு அந்த ஊர்லேந்து வந்துக்குது."

மொழிபெயர்ப்பாளர் இதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. பத்து நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. பயணத்தின் நோக்கம் தெளிவாக இல்லை, ஊர் திரும்புவார் என்பதற்குச் சான்று போதாது.

போனில் கத்தினேன். "நான் சொல்லிக் குடுத்தது இன்னா, நீ சொன்னது இன்னா?"

"எங்க போவேன்னு கேட்டாரு, சொன்னேன். பொய் சொல்லிட்டு பாக்குற ஊரு எனக்கு எதுக்குடி?"

கோபத்தில் போனை வைத்துவிட்டு, மறுபரிசீலனை கேட்டு என் ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஜெனி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மம்மி, இதைப் படிச்சா ஆயாவை நாம பார்சல்ல அனுப்பச் சொல்ற மாதிரி இருக்கு."

"அப்போ நீயே எழுதேன்" என்றேன் எரிச்சலில்.

"எழுதறேன். ஆனா அது என்ன கதவு?"

ஊருக்கு நான்கு முறை வந்திருக்கிறாள், அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறாள். அது என்னவென்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே சந்திக்கிற தமிழர்கள் எல்லோரும் புலம்புகிறோம். எதைச் சொல்லி நிறுத்தி வைத்தோம் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. அன்று சமையல்கட்டிலேயே உட்கார்ந்து பாய், கடப்பாரை, தட்டி, காலண்டர் எல்லாம் சொன்னேன். காலண்டர் இடத்தில் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

கதவின் போட்டோ வேண்டும் என்று ஜெனி உத்தரவு போட்டாள். புதுவாயல் ஸ்டுடியோக்காரர் வீட்டுக்கே வந்து எடுத்து, பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பினார். கோயிலுக்குக் கட்டும் பட்டுப் புடவையில் அம்மா விறைப்பாக நிற்கிறாள். பக்கத்தில் அவள் உயரத்துக்கு வெரோனா.

ஜெனியின் கடிதம் ஒரே பக்கம். என் ஆயா எந்த வேலை செய்தார், இந்தக் கதவு எப்படி வந்தது, அதற்குப் பின்னால் என் அம்மா எப்படிப் படித்தார் என்று எழுதியிருந்தாள். திரும்பி வருவதற்கான சான்று என்ன என்ற இடத்தில் ஒரே வரி: "என் ஆயா கட்டாயம் திரும்பிப் போவார். ஏனென்றால் கதவு அங்கே இருக்கிறது." நானும் சாலமனும் திருத்த அதில் ஒன்றுமில்லை. திருத்தும் அளவுக்கு எங்களுக்கு மொழியும் தெரியாது.

மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு காலையில் போன் அடித்தது. "ஒட்டிக் குட்த்துட்டாங்கடி! பாஸ்போர்ட்டுல ஒட்டிக் குட்த்துட்டாங்க!" என்று அம்மா கத்திய கத்தல் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஜெனி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அன்று அவள் ஆயாவோடு பேசியது இருபது நிமிடம்.

5

மியூனிக்கிலிருந்து வெரோனாவுக்கு நேரடி ரயில் உண்டு. மலையைக் குடைந்தும் வளைந்தும் ஐந்தரை மணி நேரம் போகும். ஆகஸ்டில் ஒரு காலை ஏறினோம். எலுமிச்சைச் சோற்றுத் தூக்கு, ஊறுகாய் பாட்டில், தண்ணீர், நான்கு பேருக்கு ஆறு பை.

இத்தாலி எல்லையில் ரயில் அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். சாலமன் இந்த நாட்டு அறிவிப்புகளை வேதவாக்காக நம்புகிறவர். உடனே தன் அட்டவணையில் எல்லா ஊருக்கும் ஒரு மணி நேரம் கூட்டி எழுதினார். "இரண்டே முக்காலுக்குத்தான் வெரோனா. நிம்மதியா சாப்பிடலாம்" என்றார். ரயில் கிளம்பியது. இறக்கத்தில் ஓட்டுநர் விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் ஓட்டினார் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

சாப்பிட்டோம். சாலமன் கண்ணயர்ந்தார். ஜெனி காதில் பாட்டு. நான் வெரோனாவைப் பற்றிய புத்தகத்தில் மூழ்கியிருந்தேன். அறிவிப்பு ஒன்று கரகரவென்று வந்து போனது, யாரும் கவனிக்கவில்லை. ரயில் ஒரு பெரிய ஸ்டேஷனில் நின்றது. மணி இரண்டேகால்கூட ஆகவில்லை.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்தவள் மெதுவாகத் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கழுத்து வலிக்கிறது போல என்று நினைத்தேன். மறுபக்கமும் சாய்த்துப் பார்த்தாள். அடுத்த நொடி துள்ளி எழுந்தாள்.

"எறங்குங்க! எறங்குங்க! நம்ம கதவு!"

"அத்தை, இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்றார் சாலமன் கண்ணைத் திறக்காமலே.

"நீங்க குந்திக்கினு இருங்க மாப்ள. நான் எறங்கறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. ஸ்டேஷன் பெயர் நீளமாக இருந்தது, ஆனால் முதல் ஆறு எழுத்து வெரோனாவேதான். பிறகு நடந்ததெல்லாம் களேபரம். பைகளை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து, சாலமன் ஒரு காலில் ஷூவோடு குதிக்க, கதவு மூடியது. எலுமிச்சைச் சோற்றுத் தூக்கும் என் புத்தகமும் ரயிலோடு போயின.

எம்.சி.ஏ. படித்த நான், டிப்ளமா படித்த சாலமன், மூன்று மொழி பேசும் ஜெனி, மூவரும் கோட்டைவிட்ட ஊரை எழுத்துத் தெரியாத அம்மா பிடித்துக் கொடுத்துவிட்டாள்!

அம்மா பலகைக்குக் கீழே நின்று மறுபடி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க நேரா நிக்க வெச்சிக்கிறாங்க. அதான் மொதல்ல டவுட்டாயிடுச்சி" என்றாள். பிறகு, "பாய் பொய் சொல்லல" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, அன்னைக்குக் காலண்டர் மாட்டினேனே..."

"அது கெடக்கட்டும். மொதல்ல பைய எண்ணு, எல்லாம் கீதான்னு."

ஜெனி ஆயாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, வழியில் போன ஒருவரிடம் கேமராவை நீட்டினாள்.

6

ஊரைப் பார்த்தோம். ரோமானியர் காலத்து வட்ட அரங்கத்தின் படிக்கட்டில் ஏறி இறங்கினோம். எல்லோரும் ஏதோ ஒரு காதல் கதையில் வரும் பால்கனியைப் பார்க்க வரிசையில் நின்றார்கள், நாங்கள் நிற்கவில்லை. அம்மா வழியெல்லாம் கதவுகளைத்தான் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்தாள், விரல் முட்டியால் தட்டினாள். "இது புதுசு", "இது பழசு, ஆனா எண்ணெ போட்டு வெச்சிக்கிறாங்க" என்று தீர்ப்பும் சொன்னாள். ஒரு வீட்டுக்காரர் தட்டல் கேட்டுத் திறந்தே விட்டார். ஜெனி மன்னிப்புக் கேட்டுச் சமாளித்தாள்.

ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம். உள்ளே போனதும் அம்மா மேலே பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கூரை முழுக்க மரம். பழவேற்காட்டுப் படகைக் கவிழ்த்து வைத்தது போல அடுக்கடுக்காக வளைந்து இறங்கியது. அறுநூறு, எழுநூறு வருடத்துக் கூரை என்று வாசலில் எழுதியிருந்தது. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கழுத்து நோகும்வரை பார்த்தாள்.

"ஒரு ஆணிகூட கண்ணுக்கு தெரியல. இருவது வர்சம் பொட்டி பிரிச்சிக்கிறேன் நானு. இத்த யாராலயும் பிரிக்க முடியாது" என்றாள். இருபது வருடம் வேலை செய்தவளின் மதிப்புரை அது. எந்தப் புத்தகத்திலும் அந்தக் கூரைக்கு இதைவிட நல்ல பாராட்டு கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

வெளியே வரும் வழியில் ஒரு மேசை மேல் வருகைப் பதிவேடு. பெயர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கோடு போட்ட நோட்டு. நாங்கள் மூவரும் எழுதினோம். சாலமன் பேனாவை மூட இருந்தார்.

"குடுங்க மாப்ள" என்று அம்மா கையை நீட்டினாள்.

கைநாட்டு வைக்க மை இல்லையே என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அம்மா நோட்டின் மேல் குனிந்தாள். பிரஷ் பிடிப்பது போலப் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்தாள். எங்கிருந்து என்ற கட்டத்தில், மேலிருந்து கீழாக, ஒரு வரிக்கு ஒரு எழுத்து, ஆறு வரியில் ஆறு எழுத்து எழுதினாள். எல்லா எழுத்தும் பக்கவாட்டில் படுத்திருந்தன, எங்கள் கதவில் இருப்பது போலவே. இருபத்தைந்து கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடித்த கை ஒரு எழுத்தையும் விடவில்லை.

"அம்மா, அங்க நம்ம ஊர எழுதணும்" என்று நான் தொடங்கினேன்.

ஜெனி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடுங்க மம்மி. அட்ரஸ் சரியாத்தான் இருக்கு."

எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் எழுதக் காத்திருந்தார். அந்த ஊர்க்காரர் போலிருந்தது. நோட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். பிறகு மெதுவாகத் தலையைச் சாய்த்து, "வெரோனா" என்று சத்தமாகப் படித்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியாடி? நான் எழுதினத்த ஒருத்தரு படிச்சிட்டாரு."